‘இன்றைய ஆற்றல் 31’ என்கிறது வாட்ச்: மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

43 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஒரு வருடமாகவே அசதி. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கினார். தூக்கத்துக்கு, மன அழுத்தத்துக்கு, ‘உடல் ஆற்றலுக்கு’ என்று தனித்தனியாக அது மதிப்பெண் போடுகிறது. ஆற்றல் 31 என்று காட்டும் காலைகளில் நடைப்பயிற்சியை விட்டுவிடுகிறார். அலுவலகத்தில் தினம் 10,000 காலடி நடக்கும் போட்டி நடக்கிறது. கணக்கு நிறையாத நாட்களில் இரவு பதினொரு மணிக்குக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையே நடந்து முடிக்கிறார். கலோரி போதுமான அளவு எரியவில்லை என்று வாட்ச் சொன்னால் இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார். ஓய்வில் இதயத் துடிப்பு 54 என்பதால் ‘விளையாட்டு வீரர் நிலை’ என்று பாராட்டுகிற அதே வாட்ச், பயிற்சியின்போது துடிப்பு 120-ஐத் தாண்டுவதில்லை, ‘இன்னும் முயற்சி தேவை’ என்கிறது. இது அவருக்குப் புரியவில்லை.

கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். ஒற்றைத் தலைவலி வராமலிருக்க ஒன்றரை வருடமாக ப்ரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறார். மாதவிடாய் இப்போதெல்லாம் எட்டு நாள் நீள்கிறது. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, ‘ஆனால் இந்த வயதில் அது சகஜம்தானே?’

அவருடைய கேள்விகள்: பயிற்சியில் துடிப்பு ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தலாமா? இன்னும் துல்லியமான கருவி, அதாவது மோதிரம் போலவோ ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் போலவோ ஏதாவது வாங்கலாமா?

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு நாள்கூட வேண்டாம். ப்ரோப்ரனலால் இதயத்தின் மீது, துடிப்பை வேகப்படுத்தும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் பிடியைத் தளர்த்தி வைக்கிற மருந்து. மாதக்கணக்கில் அதற்குப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், அடங்கியிருந்த தலைவலியும் திரும்பி வரலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வந்திருக்கின்றன. அடைப்பு இருப்பது பலருக்கு முன்கூட்டித் தெரியாது. நிறுத்த வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்த மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

உங்களைக் குழப்பிய இரண்டு எண்களுக்கும் விடை இந்த மாத்திரைதான். ஓய்வில் 54 என்பது விளையாட்டு வீரரின் இதயத்தைக் காட்டும் எண்ணாகவும் இருக்கலாம், மாத்திரை பிடித்து நிறுத்திய இதயத்தைக் காட்டும் எண்ணாகவும் இருக்கலாம். வாட்சுக்கு வித்தியாசம் தெரியாது, நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அது கேட்டிருக்காது. பயிற்சியில் 120-க்கு மேல் ஏறாததும் அதனால்தான். வாட்ச் பெரும்பாலும் ‘220-இல் வயதைக் கழி’ என்ற பழைய சூத்திரத்தை வைத்து உங்கள் உச்சத் துடிப்பை 177 என்று எடுத்துக்கொண்டு, அதில் இத்தனை சதவீதம் எட்டு என்று விரட்டுகிறது. மருந்து எதுவும் சாப்பிடாதவர்களிடமே அந்தச் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலும் கீழுமாகத் தவறும். ப்ரோப்ரனலால் சாப்பிடுபவரின் உச்சத் துடிப்போ அதைவிட 20, 30 குறைவாகக்கூட இருக்கும். எட்ட முடியாத ஓர் எண்ணைத் துரத்தி மூச்சிரைக்க ஓடியிருக்கிறீர்கள். அது சோம்பேறித்தனமும் இல்லை, முயற்சிக் குறைவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. களைப்பு இந்த மருந்தின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. சிலருக்குத் தூக்கம் துண்டு துண்டாகும், தெளிவான கெட்ட கனவுகள் வரும். மாத்திரை ஒன்றரை வருடமாக, அசதி ஒரு வருடமாக என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு இருந்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி இது. அளவைக் குறைக்கலாம், ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு வேறு வகை மருந்துக்கு மாறலாம், தலைவலி நீண்ட நாள் அடங்கியிருந்தால் மருந்து இன்னும் தேவையா என்றே பரிசீலிக்கலாம். ‘தலைவலி மாத்திரையால் எனக்கு அசதி வருகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். அதற்கு எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் தாண்டிச் சென்ற அந்த ஒரு வரி

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது நான் நின்ற இடம் மாதவிடாய் பற்றிய வரிதான். எட்டு நாள் போக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்றால் மருத்துவக் கணக்கில் அது அதிக ரத்தப்போக்கு. நாற்பதுகளில் பலருக்கு வருகிறது என்பது உண்மை. பலருக்கு வருவதாலேயே அது சிகிச்சை தேவையில்லாத விஷயம் ஆகிவிடாது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, ஹார்மோன் மாற்றம், தைராய்டு குறைவு எனக் காரணங்கள் பல உண்டு, பெரும்பாலானவற்றுக்கு நல்ல சிகிச்சையும் உண்டு. மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படி மாதாமாதம் ரத்தம் போனால் இரும்புச்சத்துக் கையிருப்பு கரைந்துகொண்டே வரும். ‘ஹீமோகுளோபின் 12.1, நார்மல் என்று சொன்னார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நீங்கள் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். உடம்பு முதலில் சேமிப்பில் இருக்கும் இரும்பை எடுத்துச் செலவு செய்யும். அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்கிற ரத்தப் பரிசோதனை. லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு உறுதி. 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் மருத்துவர்கள் நிறையப் பேர். ரத்தசோகை இல்லாமலே ஃபெரிட்டின் மட்டும் குறைந்த பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது களைப்பு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள், ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். குறைவு என்று தெரியாமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம்.

ரத்தப்போக்கின் விளைவை உங்கள் உடம்பில் மாத்திரை மறைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்தால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும். ஓய்வில் துடிப்பு 90-ஐத் தொட்டிருந்தால் யாராவது ஒருவர் கவனித்திருப்பார்கள். உங்களுக்கு மாத்திரை அந்த எச்சரிக்கை மணியை அமுக்கிவிடுகிறது. வாட்ச் அதைப் பார்த்து ‘பிரமாதம்’ என்கிறது.

ஆகவே நீங்கள் செலவு செய்ய வேண்டியது அடுத்த கருவிக்கு அல்ல. முழு ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரைக்கு எச்பிஏ1சி, வைட்டமின் பி12, இவ்வளவு போதும். முழு உடல் பரிசோதனை என்று எழுபது எண்பது அளவீடுகளை ஒரே நாளில் எடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. அத்தனை எடுத்தால் யாருக்கும் இரண்டு மூன்று எண்கள் கோட்டுக்கு வெளியே விழும், அப்புறம் அவற்றைத் துரத்துவதே வேலையாகிவிடும். குறட்டை உண்டா, பகலில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறதா, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதும் மனச்சோர்வும் களைப்பாகத்தான் வெளியே தெரியும்.

வாட்ச் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது

வாட்சைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதன் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் ரத்தம் பாயும்போது அந்த ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து அது துடிப்பை எண்ணுகிறது. ஓய்வில் இருக்கும்போது, பட்டை தளராமல் மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இருந்தால், இந்த எண்ணை நம்பலாம். கையை வீசும்போதும் குளிரில் விரல் விறைக்கும்போதும் தடுமாறும்.

மற்றவை பெரும்பாலும் இந்தத் துடிப்பையும் கையசைவையும் வைத்து அது போடும் கணக்கு. கலோரியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதத்துக்குள்ளான பிழையோடு சொல்லிவிட்டன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இந்த எண்ணை நம்பியா இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறீர்கள்? அசதியோடு இருக்கிற உடம்புக்குச் சாப்பாட்டைக் குறைப்பது கெடுதல். இன்றிரவிலிருந்தே வயிறாரச் சாப்பிடுங்கள்.

தூக்கத்தின் நிலைகளைத் துல்லியமாகப் பிரிக்க மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். மணிக்கட்டில் மூன்றும் கிடைக்காது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகச் சொல்லும். விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். ‘ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்’ என்பது ஊகம், துடிப்பையே மாத்திரை மாற்றி வைத்திருக்கும் உங்கள் விஷயத்தில் இன்னும் பலவீனமான ஊகம். சரியான தூக்க மதிப்பெண்ணைத் தேடித் தேடியே தூக்கத்தைத் தொலைப்பவர்களை மருத்துவர்கள் இப்போது நிறையப் பார்க்கிறார்கள். 2017-இல் சில ஆய்வாளர்கள் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்தார்கள்.

‘உடல் ஆற்றல் 31’ விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆற்றல் என்று ஒரு திரவம் உடம்பில் இல்லை, அதை அளக்கும் அளவுகோலும் இல்லை. துடிப்பு, துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாடு, தூக்க ஊகம் ஆகியவற்றைக் கலந்து நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு விதமாகக் கணக்கிடும் எண் அது. துடிப்பு இடைவெளி வேறுபாடு உங்கள் தோழிக்கு 60, உங்களுக்கு 24 என்று வருந்தியிருக்கிறீர்கள். ஆளுக்கு ஆள் மாறும், வயதோடு குறையும் அளவு அது. அடுத்தவருடையதோடு ஒப்பிட்டால் எந்தப் பொருளும் கிடைக்காது. அதோடு, கேள்விப்படுகிற எண்ணே நம்மை மாற்றிவிடும். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பதற்குச் சம்பந்தமில்லாமல் ‘நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள்’ அல்லது ‘தூக்கம் போதவில்லை’ என்று சொல்லிவிட்டு மூளைக்கு வேலை கொடுக்கும் சோதனைகளை வைத்தார்கள். போதவில்லை என்று கேட்டவர்கள் மோசமாகச் செய்தார்கள். கண் விழித்ததும் 31 என்று பார்க்கிற உங்களுக்கும் அதுதான் நடக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். ஒரு மாதத்துக்கு அந்த மதிப்பெண்களை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் வேண்டவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்கு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

பத்தாயிரம் என்ற எண்

இது மருத்துவம் வகுத்த எல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலேயே பத்தாயிரம் அடி இருந்தது, எண் அங்கிருந்து பரவியது. பிற்பாடு வந்த ஆய்வுகள் அதை முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான அலசலில், அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிவாக்கிலும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிவாக்கிலும் பலன் உயர்வது நின்று சமமாகிறது. மிகக் குறைவாக நடப்பவர் இன்னும் கொஞ்சம் நடக்கும்போதுதான் அதிகப் பலன். 8,600-ஐ இரவு பதினொரு மணிக்குப் பத்தாயிரமாக்குவதில் கிடைப்பது சொற்பம், அதற்காக இழப்பது தூக்கம். அந்த நேரத்தில் படுத்துவிடுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. இரண்டாவது பாதியை உங்கள் வாட்ச் கண்டுகொள்வதே இல்லை.

உங்களுக்குப் பயன்படும் அளவீடுகள்

உழைப்பின் அளவுக்குப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்ற உளவியலாளர், செய்கிற வேலை எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6 முதல் 20 வரை நாமே சொல்லும்படி ஓர் அளவுகோல் அமைத்தார். அதில் 12, 13 உங்களுக்குச் சரி. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மருத்துவர்கள் பயிற்சி அளவு சொல்வது இப்படித்தான்.

அசதிக்கு ஒரு நோட்டுப் போதும். தினமும் மாலை ஒரே நேரத்தில் அன்றைய களைப்பைப் பத்துக்கு இத்தனை என்று எழுதுங்கள். பக்கத்தில் மாதவிடாய் நாள், தலைவலி வந்ததா, மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும். வாட்சைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஆறு வாரத்தில், போக்கு அதிகமான நாட்களுக்குப் பிறகுதான் அசதி ஏறுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், அந்த இரண்டு மாடிப் படி. வாரம் ஒருமுறை, ஒரே வேகத்தில் ஏறி, மூச்சு சீராக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதையும் மாதம் ஒருமுறை குறித்துக்கொள்ளலாம். முதியவர்களுக்காக உருவான சோதனைதான், ஆனால் உங்கள் கால் வலு கூடுகிறதா என்று உங்களோடு நீங்களே ஒப்பிட உதவும். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் சாந்தோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது வருடம் போலத் தன் எடையையும் உண்டதையும் கழிந்ததையும் அளந்தார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையில் குறைகிற எடை எங்கே போகிறது என்பது அவர் கேள்வி. உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: எனக்கு ஏன் அசதி? அதற்குப் பதில் சொல்ல உதவாத எண் எதையும் இப்போதைக்குப் பார்க்க வேண்டாம்.

ரத்த அழுத்தத்தை மட்டும் வாட்சில் பார்க்காமல் கைப்பட்டை கட்டும் கருவியில் பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதித்து, கை இதய உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

அலுவலகப் போட்டி

உங்கள் நடைக் கணக்கோடு துடிப்பும் தூக்கமும் மாதவிடாய்க் குறிப்பும் அலுவலகத்துக்குச் சேர்ந்து போகின்றனவா என்று செயலியின் அனுமதிப் பக்கத்தில் பாருங்கள். காலடி எண்ணிக்கையை மட்டும் விட்டு மற்றதை அணைத்துவிடலாம். யார் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘மருத்துவ ஆலோசனையில் இருக்கிறேன்’ என்ற ஒரு வரியோடு விலகிக்கொண்டாலும் தவறில்லை, காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது தாடைக்கோ கைக்கோ பரவுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், துடிப்பு 50-க்குக் கீழே போய்க் கூடவே தலைசுற்றல், மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற போக்கு: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரத்தில் வாட்சில் இசிஜி எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். அது துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும் கருவி, மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது.

இவை எதுவும் இல்லையென்றால் இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும், கடைசி மூன்று மாதவிடாய் தேதிகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்டு, காலையில் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் இருபது நிமிடம் நடங்கள், வாட்ச் என்ன மதிப்பெண் போட்டிருந்தாலும்.